கல் வாங்கப் போனோம், ஆத்தங்குடிக்கு!

வீட்டுக்குத் தரை போடுவது என்றால் கடைக்குப் போய், நாலு மாதிரியைப் பார்த்து, ஒன்றைத் தொட்டுக் காட்டி "இதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிற காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். பணத்தைச் சொல்லவில்லை. என் மாமியாரின் வலது மணிக்கட்டைச் சொல்கிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. மாமனார் 1978ல் கட்டியது. கீழே முழுக்க மொசைக் தரை. அத்தை படுக்கிற அறையில் மட்டும் அது அங்கங்கே விரிந்து, சில்லு சில்லாகப் பெயர்ந்து, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது. போன வருஷம் சென்னையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடையது ஐந்தாவது மாடி ஃப்ளாட். படுக்கையறையில் தேக்குப் பலகை பாவின மாதிரி ஒரு தரை! லாமினேட்டாம். "அக்கா, உடைக்கிற வேலையே கிடையாது. பழைய தரை மேலேயே ஒரே நாள்ல போட்டுடுவாங்க" என்றாள். எனக்கு அந்த "ஒரே நாள்" பிடித்துப் போயிற்று. சிமெண்ட் தூசி, கொத்தனார், சித்தாள், வேளா வேளைக்கு டீ என்று ஒன்றும் வேண்டாமே!

வைகாசியில் இரண்டு பையன்கள் வந்தார்கள். மெல்லிய நுரை விரிப்பைத் தரையில் விரித்தார்கள். ஒரு பலகையின் நாக்கை அடுத்த பலகையின் காடியில் செருகி, சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். "க்ளிக்" என்று சத்தம், அவ்வளவுதான். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சுவரை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதை மறைக்க ஓரப்பட்டி அடித்தார்கள். சாயந்திரம் அறை சினிமாவில் வருகிற மாதிரி இருந்தது. நான் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னவோம்மா, பெட்டி மேல நிக்கற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஐப்பசி மழையில் அத்தை சொன்னது பலித்தது. எங்கள் ஊர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு. தரையின் அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போட்டிருக்க வேண்டுமாம், போடவில்லை. எனக்கோ, நாள் தவறாமல் வாளித் தண்ணீரில் துணியை முக்கித் துடைத்தால்தான் வீடு துடைத்த மாதிரி இருக்கும். கீழேயிருந்து ஒரு ஈரம், மேலேயிருந்து ஒரு ஈரம். பலகைகள் இணைகிற இடமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பி, விளிம்பு தூக்கிக்கொண்டது. கடைக்குப் போன் செய்தால் "தண்ணி ஊத்திட்டீங்களா மேடம்?" என்று என்னையே கேட்டார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்ளாத தப்பு எனக்கும் உண்டு.

கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்த அத்தையின் கால்விரல் அந்த விளிம்பில் தட்டியது. கையை ஊன்றியபடி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. 76 வயதில் விழுந்தது கையோடு போயிற்றே, இடுப்பெலும்பு தப்பியதே என்று எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அத்தை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அத்தை நடக்கவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிலை விட்டு இறங்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். தோளைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி, குழந்தை அடி வைக்கிற மாதிரி வைப்பார். "தரையைப் பாத்தாலே வயித்தைக் கலக்குதும்மா" என்பார். அந்தப் பலகைகளை அன்றைக்கே பெயர்த்துப் போட்டுவிட்டோம். அடியில் இருந்த பழைய மொசைக்கைப் பார்த்தாலும் அதே பயம். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "நடக்காமல் உட்கார்ந்திருந்தால் கால் தசை சீக்கிரம் பலம் குறையும். பலம் குறைந்தால் மறுபடி விழுவார். எப்படியாவது நடக்க வையுங்கள்."

இந்த லாமினேட்டைப் பற்றிப் பிற்பாடு விசாரித்தேன். ஸ்வீடன் தேசத்தில் 1977ல் கண்டுபிடித்ததாம். அது மரமே இல்லை. மரநாரை அரைத்துப் பிசின் சேர்த்து அழுத்திய அட்டை. அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த காகிதம். அதற்கும் மேல் கீறல் விழாத கெட்டிப் பூச்சு. குளிர்தேசத்தில், உள்ளே சூடேற்றிய காய்ந்த அறைகளில், பிழிந்த துணியால் ஒற்றியெடுக்கிற வீடுகளில் அது சமர்த்தாக உழைக்கும். என் தங்கையின் மாடி அறையில் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில், வாளியும் கையுமாக நிற்கிற என் வீட்டுக்கு அது வந்ததுதான் பிசகு.

"அடுத்து என்ன தரை போடலாம்?" என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "செட்டிநாட்டுக் கல்லு போடேன்."

அத்தைக்குப் பிறந்த ஊர் திருமயம் பக்கம். அவருடைய அப்பா கல்யாண சமையல்காரர். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகும்போது இந்தச் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவாராம். "ராத்திரி பந்தியெல்லாம் முடிஞ்சப்புறம் அந்தக் கல்லு மேலதான் படுத்துப்போம். பாய் கூட வேண்டாம். ஜில்லுனு இருக்கும். பூவை எண்ணிக்கிட்டே தூங்கிடுவேன்" என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் தானாக ஒரு பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான். உடனே கிளம்பிவிடுவது என்று இவர் முடிவு செய்தார். "அம்மாவையும் கூட்டிண்டு போலாமா?" என்று நான் தயங்கினேன். "அம்மாவுக்காகத்தானே போறோம்!" என்றார்.

தை மாதக் கடைசியில் ஒரு வாடகைக் காரில் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை வழியாகப் பாதை. வெயில் ஏறுவதற்குள் திருமயம் வந்துவிட்டது. சாலையிலிருந்தே பாறையின் மேல் கோட்டை தெரிகிறது. சேதுபதி மன்னர் 1687ல் கட்டியது. கோட்டை மதிலை ஒட்டிச் சாலையோரமாகவே பைரவர் சந்நிதி. அந்த வழியாகப் போகிற வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். எங்கள் டிரைவரும் நிறுத்தினார். அத்தை காரை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே கைகூப்பினார். வலது கை முழுசாக மடங்கவில்லை.

திருமயம் தாண்டினால் செட்டிநாட்டுச் சீமை. தண்ணீர் அருமையான வறண்ட பூமி. சுற்றிலும் முள்ளும் செம்மண்ணும். திடீரென்று ஒரு ஊர் வரும், அதில் அரண்மனை அரண்மனையாக வீடுகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் கட்டியவை. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி என்று உலகமே கப்பலில் வந்து இந்தக் காட்டில் இறங்கியிருக்கிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014ல் இந்த ஊர்களைச் சேர்த்திருக்கிறார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களில், விசேஷத்துக்குத்தான் திறப்பு. இவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நம் புத்தி அப்படி!

கானாடுகாத்தானில் காபி சாப்பிட்டுவிட்டு ஆத்தங்குடிக்குத் திரும்பினோம். சிவகங்கை மாவட்டத்தில் சின்ன ஊர்தான். ஆனால் ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும், சாலையோரம் கொட்டகை கொட்டகையாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் போன கொட்டகையில் மின்சார யந்திரம் ஒன்று கூட இல்லை. சத்தமே இல்லை. ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொட்டகைக்காரர் அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டார். "உக்காருங்க ஆச்சி, பாத்துட்டே இருங்க" என்றார். "ஆச்சி" என்றதும் அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சகோதரிகளே, அந்த வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் ஒரு கண்ணாடித் துண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். அதைத் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் வைக்கிறார்கள். சட்டத்துக்குள் ஒரு தகர அச்சு இறங்குகிறது. நம் முறுக்கு அச்சு மாதிரி, ஆனால் பூ வடிவில் அறை அறையாக இருக்கிறது. சிமெண்டையும் நிறப்பொடியையும் தோசை மாவு பதத்தில் கரைத்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறமாக ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. பிறகு அச்சை மெல்ல மேலே தூக்குகிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றில் கலப்பதில்லை! கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக ஈரக் கலவையைப் போட்டு நிரப்பி, கரண்டியால் மட்டமாகத் தேய்த்து, சட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். முழுக் கல்லுக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

"சூளை எங்கே?" என்று கேட்டேன்.

"சூளையே கிடையாதும்மா. நெருப்பே படாத கல்லு இது. ஒரு நா காயும். அப்புறம் தொட்டித் தண்ணியில ஊறும். தண்ணி குடிச்சாத்தான் சிமெண்டுக்குப் பலம். எடுத்து ஆற வெச்சா கண்ணாடி தானா விட்டுடும்."

விட்டுவிட்ட கல் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பு கல்லின் முகத்தில். பாலிஷ் என்று தனியாக ஒன்றும் இல்லை. இந்த மாதிரிச் சிமெண்டுக் கல் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, ஆனால் அங்கே யந்திரத்தால் அழுத்திச் செய்வார்கள். யந்திரத்தின் வேலையைக் கண்ணாடியிடம் கொடுத்ததுதான் ஆத்தங்குடிக்காரர்களின் சாமர்த்தியம். இந்த ஊர் மணலின் வாகு வேறெங்கும் வராது என்றும் அவர் சொன்னார். எந்த ஊர்க்காரர்தான் தன் ஊர் மணலை விட்டுக்கொடுப்பார்?

எங்கள் அறை 12 அடிக்கு 10 அடி. கல் பத்தங்குலச் சதுரம், முக்கால் அங்குல கனம். கணக்குப் போட்டால் 173 கல். வெட்டு, உடைசல், கைவசம் சேர்த்து 190. ஒரு கல் இரண்டரைக் கிலோ. மொத்தம் அரை டன் பக்கம். காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்த என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

அத்தை அறை முழுக்கப் பூக்கல்தான் வேண்டும் என்றார். எனக்கு இஷ்டமில்லை. கண் மங்கியவர்களுக்கு நெருக்கமான பூ வேலை படி மாதிரியும், ஏதோ பொருள் கிடக்கிற மாதிரியும் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருதரம் ஆசைப்பட்டு ஏமாந்தது போதாதா? கொட்டகைக்காரரே வழி சொன்னார். நடுவில் வெறும் சிவப்புக் கல், சுவரோரம் சுற்றி வர ஒரு வரிசை பூக்கல். "கம்பளம் விரிச்சாப்பல இருக்கும். ஆச்சிக்கு சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னும் தெரியும்." 140 சிவப்பு, 50 பூ. வெறும் கல்லுக்கு விலையும் குறைவு. பூவை அத்தைதான் தேர்ந்தெடுத்தார். மடியில் ஏழெட்டுக் கற்களை மாற்றி மாற்றி வைத்து, வலது கையாலேயே தடவிப் பார்த்தார்.

கல் தயாராகி ஊற வேண்டுமே, சில வாரம் ஆகும் என்றார்கள். முன்பணம் கொடுத்தோம்.

அங்கிருந்து ஆத்தங்குடி அரண்மனைக்குப் போனோம். லட்சுமி விலாசம் என்று பெயர். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். மேற்கூரையின் வர்ண வேலைப்பாட்டைப் பார்த்து எல்லாரும் அண்ணாந்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் தோளில் அத்தையின் கை இல்லை. திரும்பினால், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தூணருகே தனியாக நிற்கிறார். தரையைப் பார்த்தபடி ஒரு அடி, இன்னொரு அடி. நான் ஓடப் போனேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அத்தை அடுத்த தூண் வரைக்கும் போனார். அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் எங்கேயோ ஒரு வீட்டுல..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். எந்த ஊர், எந்த வீடு என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

மாசிக் கடைசியில் ஒரு குட்டி யானை வண்டியில் வைக்கோல் வைத்துக் கல் வந்து இறங்கியது. பழைய மொசைக்கை இந்தத் தடவை உடைத்தே விட்டோம். உடைக்காமல் மேலேயே பாவினால் கலவையும் கல்லுமாக இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். வாசலில் ஒரு படி முளைக்கும். கதவின் அடியையும் சீவ வேண்டும். அத்தை தடுக்கி விழ இன்னொரு விளிம்பை நானே கட்டிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

கொத்தனாரோடு ஐந்து நாள் மல்லுக்கு நின்றேன். கண்ணாடி டைல்ஸ் போட்டுப் பழகியவர் அவர். கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பிறகு பாவ வேண்டும் என்றால் சிரித்தார். கல்லுக்குக் கல் இடைவெளி விடாமல் நெருக்கிப் போடச் சொன்னால் முணுமுணுத்தார். ஒரே அடுக்கிலிருந்து வரிசையாக எடுக்காதீர்கள், நாலு அடுக்கிலிருந்தும் கலந்து எடுங்கள், கையால் செய்தது, நிறம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்று கொட்டகைக்காரர் சொன்னதையும் ஒப்பித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசி நாள், சிமெண்ட் கறையைப் போக்க ஒரு பாட்டில் ஆசிட்டோடு வந்தார் பாருங்கள்! நல்ல வேளை, நான் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆசிட் பட்டால் இந்தக் கல்லின் முகமே அரித்துப் போய்விடும். சிந்தின சிமெண்ட் பாலை அப்போதைக்கப்போது ஈரத்துணியால் துடைத்துவிட்டால் கறையே இராது. பிறகு தவிட்டைத் தூவித் தேங்காய் நாரால் தேய்த்தோம். நிறம் பளிச்சென்று எழுந்தது.

பூசி மெழுகாமல் குறைகளையும் சொல்ல வேண்டுமே. புளி, எலுமிச்சை, ஊறுகாய் இதற்கு ஆகாது. ஒரு துண்டு நார்த்தங்காய் விழுந்ததைக் கவனிக்காமல் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வெளுத்த புள்ளி. சமையலறைக்கு இதைப் போட நான் துணிய மாட்டேன். நேர் வெயில் விழுகிற இடத்தில் நிறம் மங்கும் என்கிறார்கள். செட்டிநாட்டில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மெருகேற்றுவது வழக்கம். அத்தை அறையில் அதை நான் செய்வதில்லை, வழுக்குமோ என்ற பயம். ஈரமாக இருந்தால் எந்தத் தரையும் வழுக்கும். பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டு, உலர்ந்த பிறகுதான் அவரை இறங்க விடுகிறேன். கட்டிலடியில் கிடந்த கால்மிதியை எடுத்துவிட்டேன். பாத்ரூம் வாசலில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. இந்த இரண்டையும் முதலிலேயே செய்திருக்கலாம். அவற்றுக்கு ஆன செலவு லாமினேட்டுக்குக் கொடுத்ததில் ஒரு மூலைக்குக் கூடக் காணாது.

பாவி முடித்து ஒரு வாரம் யாரும் மிதிக்கவில்லை. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கட்டிலைத் திரும்பப் போட்டோம். என் பெண் தன் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். அதை இறக்கிவிட்டதும் பூ வரிசையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே தவழ்ந்து போயிற்று. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் விடியற்காலை எனக்கு விழிப்புக் கொடுத்தது. அடுத்த அறையிலிருந்து ஏதோ முணுமுணுப்பு. ஏதாவது ஸ்லோகமோ என்று நினைத்து, மெல்ல எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். சின்ன விளக்கின் வெளிச்சத்தில் அத்தை ஒருத்தியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரை ஒட்டி இருந்தது, ஆனால் சுவரைத் தொடவில்லை. "ஒன்பது... பத்து... பதினொண்ணு..." பாத்ரூம் கைப்பிடியைப் பிடித்த பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பன்னண்டு கல்லுதாம்மா. போய்ப் படு" என்றார்.